செட்டு பாயும் எட்டுக் குழாயும்

ஏற்காட்டில் அந்தக் காலத்தில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசாதவர்கள் குறைவு. துரைமார் விட்டுப்போன பங்களாக்களும் மிஷன் பள்ளிக்கூடங்களும் செய்த வேலை அது. ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு கல்யாணம், வியாபாரம், வியாதி, வானிலை எல்லாவற்றையும் சமாளித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் செட்டு பாய். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்பது என் சந்தேகம்.

கடைவீதியில் மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை அவருடையது. மைக் செட், சீரியல் செட், ஜெனரேட்டர் செட். இதோடு நிறுத்தியிருந்தால் தொழில் என்று விட்டுவிடலாம். தயிர் உறையாவிட்டால், "இன்னும் செட் ஆவலீங்க." மழை பிடித்துக்கொண்டால், "செட்டாயிருச்சு, நாலு நாளைக்கு உடாது." யாராவது மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரித்தால், "பையன் தங்கமுங்க. ஆனா அவன் சேர்ற செட்டு இருக்குது பாருங்க, அந்த செட்டு நம்ம பொண்ணுக்கு செட் ஆவாதுங்க" என்பார். கேட்டவர் வீட்டுக்குப் போய் இதைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருக்கும்.

அவருக்கு மேல்வரிசை பல்செட். மைக்கை டெஸ்ட் பண்ணும்போது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மாட்டியிருந்தால் காற்று விசிலடிக்குமாம். அதனால் அவருடைய "ஒன், டூ, த்ரீ" வேறு ஏதோ தேசத்துப் பாஷை மாதிரி கேட்கும். மூன்றுக்கு மேல் போகவே மாட்டார். "மூணுலயே செட்டு எப்படின்னு தெரிஞ்சிருமுங்க, மேல எதுக்கு?"

ஒருமுறை தேர்தல் கூட்டத்தில் ஒரு தலைவர் மைக்கைக் கடித்துத் தின்பது போலப் பேசினார். பாய் மேடையேறி, தலைவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் கையை விரித்து ஒரு சாண் அளந்து, "இங்க நின்னு பேசுங்க. எச்சி பட்டா செட்டு போயிரும்" என்றார். தலைவர் முறைத்துவிட்டு மறுபடி கடித்தார். பாய் ஒயரைப் பிடுங்கிவிட்டார். மீதி அரை மணி நேரம் தலைவர் கையை மட்டும் ஆட்டினார். அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்ததற்கு அதுதான் காரணம் என்று பாய் கடைசிவரை நம்பினார்.

பாயின் கௌரவமெல்லாம் குழாயில்தான் இருந்தது. மரத்தில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கியைத்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு இரண்டு குழாய், தேர்தலுக்கு நாலு, மலையுச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எட்டு. உச்சி பரந்த வெட்டவெளி. நடுவில் கோயிலுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர். எட்டுக் குழாயும் மலை விளிம்பில் சுற்றிவர மரங்களில், கீழ்நோக்கிப் பார்த்திருக்கும். கீழே கிளியூரில் இருக்கிறவனுக்கும் கொட்டச்சேட்டில் இருக்கிறவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டுமாம்.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். இனி சொல்லப்போவதை அப்படி எழுத முடியாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷத் திருவிழா. நான் கொட்டச்சேட்டுப் பக்கம் காப்பி எஸ்டேட்டில், காலையில் ஆள் பேர் எழுதுகிற ரைட்டர். மனைவி சேலத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். "புள்ளைய பத்திரமாப் பாத்துக்கங்க" என்று நூறு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எங்கள் செல்விக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கோடை மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்ததும் மூடுபனி குபுகுபுவென்று ஏறி வந்தது. என் கண்ணாடியில் ஈரம் படிந்தது. அதைத் துடைக்கச் செல்வியின் கையை விட்டேன். மாட்டிக்கொண்டு பார்த்தபோது செல்வி இல்லை.

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வளையல் கடை, பொரிக்கடை, கோயில் வாசல் எல்லாம் ஓடிப் பார்த்துவிட்டுப் பாயிடம் போய் விழுந்தேன். அவர் பாட்டை நிறுத்தி மைக்கை என் கையில் கொடுத்தார். சாண் அளக்கவில்லை. "செல்வி, அப்பா இங்க இருக்கேன், சத்தம் கேக்கற பக்கம் வா சாமி" என்று கத்தினேன். எட்டுக் குழாயும் கத்தின.

வரவில்லை. கால் மணி நேரம் கத்தினேன். கிழக்குப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், "ஒரு கொழந்தை அழுவற சத்தம் கேட்டுச்சுங்க, மரத்துக்குக் கீழ" என்றாள். ஓடினோம். மரம் இருந்தது, மேலே குழாய் இருந்தது, குழந்தை இல்லை. மரத்துக்கு நாலடி தள்ளித் தரை முடிந்து பள்ளம் தொடங்கியது. சேற்றில் சின்னக் காலடி, அடுத்த மரத்தைப் பார்த்துப் போயிருந்தது.

பாய் அந்தக் காலடியைப் பார்த்தார், அண்ணாந்து குழாயைப் பார்த்தார்.

"ஐயோ அல்லா... ரைட்டர் சார், கூப்புடாதீங்க! கொழா பூரா விளிம்புல கட்டிருக்கறனுங்க. நீங்க கூப்புடக் கூப்புட புள்ளை விளிம்புக்கே போவுதுங்க!"

என் குரலே என் குழந்தையைப் பள்ளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அறுபது வயது மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து எட்டு ஒயரையும் ஒரே இழுப்பில் பிடுங்கினார். கோயில் காரியக்காரர் ஓடிவந்தார்.

"ஏனுங்க பாய், பூசை நேரத்துல செட்டை நிறுத்தறீங்க? சாமி குத்தமாயிரும்!"

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறனுங்க. மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க. ஒருத்தரும் வாயைத் தொறக்கப்படாது."

மேளம் நின்றது. ஆயிரம் பேர் நிற்கிற மலையில் பனி சொட்டுகிற சத்தம் கேட்டது. பாய் இருப்பதிலேயே கிட்ட இருந்த விளிம்பு மரத்துக் குழாயை அவிழ்த்துக் கொண்டுவந்து, கோயில் பக்கத்திலேயே மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒயரை மாட்டினார். நான் மைக்கை வாங்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"உங்க கொரல் நடுங்குதுங்க. புள்ளை பயந்து ஓடிரும்."

பல்செட்டைக் கழற்றவில்லை. விசிலோடு பேசினார். "செல்விக் கண்ணு, பாய் மாமா பேசறன். ஓடாத சாமி. மெதுவா நடந்து வா. மாமா எண்ணிட்டே இருக்கறன். சத்தம் பெருசாச்சுன்னா சரியா வர்ற. சின்னதாச்சுன்னா நின்னு திரும்பு. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

மூன்றுக்கு மேல் போகாத வாய் ஐம்பதைத் தாண்டியது. நூறைத் தாண்டியது. குழாயின் கனத்தில் அவர் கை வெடவெடத்தது. யாரோ தாங்கப் போனார்கள். அசைந்தால் திசை மாறும் என்று தலையை ஆட்டி மறுத்தார். நூற்று ஐம்பது. நான் கும்பிடாத சாமி அன்று பாக்கியில்லை. இருநூறு. இருநூற்றுப் பத்து.

இருநூற்றுப் பதினாறில் பனிக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பாவாடை வந்தது. ஒரு கால் செருப்பில்லை, முழங்கால் வரை சேறு. அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பாயிடம் போய் நின்றாள்.

"மாமா, நூத்தி எம்பத்தஞ்ச ரெண்டு தடவை சொன்னீங்க."

கூட்டம் மொத்தமும் ஓவென்று சத்தம் போட்டது. நான் அவளை அள்ளிக்கொண்டு தேம்பினேன். பாய் குழாயோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"டேய்! அறிவிருக்காடா உனக்கு? கண்ணாடி தொடைக்கப் புள்ளை கையை உடுவியா? கண்ணாடி ஒடைஞ்சா கடையில விக்குது. இவளை எந்தக் கடையில வாங்குவ? படிச்சவன்தானடா நீ?"

மைக்கை நிறுத்த மறந்துவிட்டார். அவர் மடியிலிருந்த குழாய் வழியாக அந்தத் திட்டு முழுவதும், நடுவில் அவர் விம்மியது உட்பட, கூட்டம் முழுக்கக் கேட்டது. மறுநாள் எஸ்டேட்டில் ஆள் பேர் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் பாய் வீடு தேடி வந்து, வாசலிலேயே நின்று, "மரியாதையில்லாம பேசிப்புட்டன், மனசுல வெச்சுக்காதீங்க ரைட்டர் சார்" என்றார். அதன் பிறகு கடைசிவரை அவர் என்னை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவர் இன்னொரு தடவையாவது என்னை "டேய்" என்று கூப்பிட மாட்டாரா என்று ரொம்ப நாள் காத்திருந்தேன்.