கிளிப்பை அமுக்கத் தெரிந்த பேய்

ஆபீஸின் நான்காம் மாடி இணையத்தில் பேய் புகுந்துவிட்டது. சந்தேகமே இல்லை. பேயோட்ட வந்த சிக்னல் சித்தரே சொல்லிவிட்டார்.

வேலை நேரத்தில் அவர் முன்னால் வரிசை நின்றது. மூன்றாம் மாடிக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுடைய இணையம் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் கணினிக்கு ஒரு தாயத்து கட்டினால் என்ன குறைந்துவிடும்?

சித்தர் கண்ணை மூடி "வருது, வருது" என்பார். இணையம் போய்விடும். திரையைப் பார்த்து மூன்று முறை ஊதுவார். வந்துவிடும். பட்டம் பெற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவருடைய சீடர் மட்டும் அந்த நேரத்தில் வராந்தாவில் தியானம் செய்வார். கூட்டம் அவருக்கு ஆகாதாம்.

அன்று சித்தர் பேய்க்குக் காரணமும் கண்டுபிடித்தார். ஒயர் வேலை பார்க்கும் கேபிள் அக்காவைக் காட்டினார்.

"ராசியில்லாத கை."

மேலாளர் தயங்கினார். "ஆறு வருசமா இருக்காங்க சாமி."

"பேயும் ஆறு வருசமா வளந்திருக்கு. சுவருக்குள்ளயே பூந்து போகும்."

நாளை அவள் முன்னால் இணையம் போனால் அவள் வேலையும் போகும் என்று முடிவானது.

அவள் வராந்தாவுக்குப் போனாள். சுவரில் கேபிள் பெட்டி. பூட்டு கிடையாது. இரண்டு பேர் அதில் குடை வைத்திருந்தார்கள். பூட்டு கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். பதில் இல்லை. தாயத்துக்கு ஒரே நாளில் அனுமதி கிடைத்தது.

"நேத்து நெட் போனப்ப ஒயர் கழண்டு தொங்குச்சுண்ணே," என்றாள் காவலாளியிடம். "பேய் இழுத்திருந்தா பிஞ்சுல்ல இருக்கணும்? இது ஒயர் முனையில இருக்கிற கிளிப்ப பதமா அமுக்கிக் கழட்டியிருக்கு."

"படிச்ச பேயா இருக்கும்மா."

"ட்ரெயினிங்கே எடுத்திருக்கு. என்னைவிட சுத்தமா வேலை பாக்குது."

கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்து மாட்டினாள்.

மறுநாள் அவளைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள். சித்தர் கண்ணை மூடினார்.

"வருது, வருது."

இணையம் போகவில்லை.

"வருது," என்றார், இன்னும் சத்தமாக. திரையில், வீடியோ அழைப்பில் இருந்த வெளியூர்க் கிளை அதிகாரி கொட்டாவி விட்டார். துளித் தடங்கல் இல்லை. முழுக் கொட்டாவி.

"எங்க சாமி பேய்?" என்றார் மேலாளர்.

"வழியில இருக்கு."

கதவு திறந்தது. சீடர். வியர்த்திருந்தார். ஒரு விரலை ஊதிக்கொண்டிருந்தார்.

"மச்சான், பெட்டிய யாரோ பூட்டிட்டாங்க."

சித்தர் அவரைப் பார்த்தார். மைத்துனனைப் பார்க்கும் பார்வை.

"சுவருக்குள்ள பூந்து போகும்னீங்க," என்றாள் கேபிள் அக்கா. "ஒரு சின்னப் பூட்டுக்கு நின்னுடுச்சே."

காவலாளி இருவரையும் வாசல்வரை வழியனுப்பினார். மெதுவாக அல்ல.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லா மாடிக்கும் பூட்டு வாங்கிடலாம். ஒரே ஒரு சந்தேகம். பூட்டுறதுக்கு நல்ல நேரம் எது?"

கூட்டம் பேனாவை எடுத்தது.

"வேலை முடிஞ்சு பெட்டிய மூடுற நேரம் சார்."

எழுதிக்கொண்டார்கள்.

"யோசிக்கிறதுக்கு மட்டும் நேரம் பாக்காதீங்க," என்றாள். "இந்த ஆபீஸ்ல அத எப்ப தொடங்கினாலும் லேட்டுதான்."