மேலாளரின் கார் திக்கிய வரலாறு

மனித குலத்தை மேலே தூக்கிவிட்டவர்கள் என்று ஞானிகளையும் விஞ்ஞானிகளையும் சொல்வார்கள். அடக்கத்தோடு ஒரு திருத்தம்: தினமும் இரண்டு லட்சம் பேரை மேலே தூக்கிவிடுகிறவர்கள் நாங்கள்தான். நான் பணிபுரிவது மின்தூக்கிப் பாதுகாப்பு மையத்தில். நகரத்து லிப்டுகளில் யாராவது சிக்கிக்கொண்டு அபாயப் பொத்தானை அமுக்கினால், அந்தச் செய்தி எங்கள் ஐந்தாம் மாடி அறையில் உள்ள கணினிக்கு வந்து சேரும். உடனே மெக்கானிக்கை அனுப்புவோம். அனுப்புவோம் என்பது விதி.

அந்தக் கணினி மேலாளரின் மேசையில் இருந்தது. பொறுப்புள்ள பொருள் பொறுப்புள்ளவரிடம்தானே இருக்க வேண்டும். அதில் அவர் கார் பந்தயம் விளையாடுவார். 'விளையாடுவார்' என்று எழுதக் கை கூசுகிறது. அவசர காலத்தில் முடிவெடுக்கும் திறனைத் தீட்டிக்கொள்வார். காலை பத்து மணிக்குத் தீட்ட உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். அபாய மணியின் ஓசை கவனத்தைக் கலைத்ததால், ஒலிபெருக்கியைக் கழற்றி என் இழுப்பறையில் பத்திரப்படுத்தியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அந்தப் பேரிடர் நிகழ்ந்தது. கார் திக்க ஆரம்பித்தது. நேராக நன்றாகத்தான் ஓடும்; திடீரென்று படம் ஒரு கணம் உறைந்து நிற்கும்; மறுபடி அசையும்போது கார் சுவரில் இருக்கும். அன்று மேலாளர் பதினோராவது இடத்தைப் பிடித்தார். பந்தயத்தில் ஓடியவை மொத்தம் பதினோரு கார்கள்.

"என்னய்யா இது, நின்னு நின்னு ஓடுது" என்றார். பதவி உயர்வு தள்ளிப்போனபோதுகூட அவர் குரல் அப்படி உடைந்ததில்லை.

அரை மணி நேரத்தில் மூவர் குழு அமைந்தது. மேலாளர் தலைவர், நான் செயலாளர், அவருடைய மைத்துனர் வல்லுநர். மைத்துனர் எங்கள் அலுவலகத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது, அவர் உட்பட.

வல்லுநர் திரையை உற்றுப் பார்த்தார். "டிரைவர் பழசாயிடுச்சு மாமா. மாத்தணும்."

மேலாளர் முகம் சிவந்தது. "காரை ஓட்டுறது நான்தாண்டா."

டிரைவர் என்பது கணினிக்குள் இருக்கும் ஒரு நிரல் என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. டிரைவரைப் புதுப்பித்தோம், கார் திக்கியது. பெட்டியைத் திறந்து தூசி தட்டினோம். நான் இரண்டு நாள் தும்மினேன், கார் திக்கியது. படத்தின் தரத்தைக் குறைத்தால் கணினிக்குப் பாரம் குறையும் என்றார் மைத்துனர். முதலில் நிழல்கள் போயின. அடுத்து மரங்களில் இலைகள் போயின. கடைசியில் பந்தயம் பார்க்க நின்றிருந்த கூட்டத்துக்கு முகமே இல்லை. முகத்தை எடுக்க அனுமதி உண்டா என்று தலைவரிடம் கேட்டேன்.

"ஜனங்க முகம் நமக்கு எதுக்கு" என்று பெருந்தன்மையோடு ஒப்புதல் அளித்தார். அப்போதும் கார் திக்கியது.

வியாழக்கிழமை, வெளியாளை அழைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. கணினி பழுதுபார்க்கும் ஒரு பெண்மணி பதினோரு மணிக்கு வருவதாகப் போனில் சொன்னார். வரவில்லை. பதினொன்றேகாலுக்குத் திக்கல் உச்சத்தை எட்டியது. கார் நகர்வதைவிட நிற்பதே அதிகமாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வராத ஜனங்களால்தான் நாடு முன்னேறவில்லை என்று மேலாளர் பந்தயத்துக்காக மேசையில் பொருத்தியிருந்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வருந்தினார்.

பன்னிரண்டு மணிக்கு வாசல் காவலாளி மூச்சிரைக்க மேலே வந்தார். நம் கட்டட லிப்டுக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்றார். அபாயச் செய்தி கணினி வழியாக வந்தால்தான் செல்லும், வாய்மொழிக்கு விதியில் இடமில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லும்படி மேலாளர் எனக்கு உத்தரவிட்டார். சொன்னேன். காவலாளி தலையாட்டிவிட்டுத் திரும்பினார். கதவருகில் போய் நின்றார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த அம்மாவாம் சார்."

மேலாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அடுத்த பதினோராவது நிமிடம் லிப்டின் கதவு திறக்கப்பட்டது. மையத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிவேக மீட்பு.

அந்தப் பெண்மணி ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். யாரையும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. கணினி முன் உட்கார்ந்து, பந்தயத்துக்குப் பின்னால் வேறு என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தார். திங்கட்கிழமை புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அன்றுதான் நகரத்தின் பழைய லிப்டுகள் நானூறையும் மையத்தோடு இணைத்தோம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"யாராவது பட்டனை அமுக்கினா, கம்ப்யூட்டர் மத்த வேலையை நிறுத்திட்டு அதை எழுதி வைக்குது. அந்த நேரம்தான் உங்க கார் நிக்குது" என்றார். ஒரு நீளமான பட்டியலைத் திரையில் நகர்த்திக்கொண்டே போனார். "இந்த நாற்பத்தோரு தடவை அமுக்கினது நான். மத்தவங்கல்லாம் யாரு?"

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலின் அடியில் புதிய வரி ஒன்று சேர்ந்தது: ஒரு துணிக்கடை, மூன்றாம் மாடி.

மேலாளர் திரைப் பக்கம் குனிந்தார். "அந்தப் பட்டன் நிரலை மூடிட்டா, கார் ஓடுமாம்மா?"

"ஓடும். ஆனா..."

செயலாளர் என்ற முறையில் 'ஓடும்' என்பது வரை குறிப்பேட்டில் பதிவு செய்தேன். 'ஆனா' எங்கள் அதிகார வரம்புக்கு வெளியே இருந்தது.

தன் கையால் அதை மூட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டார். துணிக்கடையின் விலாசத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, மெக்கானிக்குக்குத் தானே போன் போட்டுப் பேசியபடி வெளியேறினார். வெளியாட்களுக்கு அலுவலக நிதானம் வராது. நிரலை மூடிய விரல் என்னுடையது. அன்று மதியம் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. மேலாளர் முதலிடம் வந்தார். மறுநாளும் வந்தார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு அபாய அழைப்புகூட வராத ஒரே மையம் என்று எங்களுக்கு விருது கொடுத்தார்கள். நகரத்து லிப்டுகளில் தொண்ணூறு நாளாக ஒருவர்கூடச் சிக்கவில்லை என்று மேலாளர் மேடையில் திக்காமல் திணறாமல் அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன்.

கேடயத்தோடு அலுவலகம் திரும்பினோம். நல்ல கனம். கீழ்த்தளத்தில் லிப்ட் விளக்கெரிய, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. மேலாளர், மைத்துனர், நான், மூவரும் அதன் முன்னால் சற்று நேரம் நின்றோம். யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"நடக்கிறது உடம்புக்கு நல்லது" என்றார் மேலாளர்.

கேடயத்தை ஆள் மாற்றி ஆள் சுமந்துகொண்டு, மின்தூக்கிப் பாதுகாப்பு மையம் ஐந்து மாடியையும் படியேறிக் கடந்தது.