லோகநாதன் வீட்டுக் கடவுச்சொல் பெட்டகம்

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் லோகநாதன். அவர் வீட்டில் மொத்தம் நான்கு பேர். அவர், அவர் மனைவி பூங்காவனம், பட்டுப்புடவை வியாபாரம் பார்க்கும் தம்பி தமிழ்வாணன், பிளஸ் டூ முடித்திருந்த மகள் சுபலட்சுமி. நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு கடவுச்சொல்தான் இருந்தது. கரண்ட் பில், காஸ், டிவியில் படம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அதுவே. யாருக்காவது மறந்துபோனால் மாடியிலிருந்து சத்தமாகக் கேட்பார்கள். அடுப்படியிலிருந்து சத்தமாகப் பதில் வரும். இவ்வாறாக அந்த வீட்டு நிர்வாகம் இனிதே நடந்து வந்தது.

ஒருநாள் லோகநாதன் படம் பார்க்க டிவியைப் போட்டார். 'யார் பார்க்கிறீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு பெயர் இருந்தது: காசியம்மாள். எதிர்வீட்டுக்காரர். லோகநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு நேரில் விசாரணைக்குப் போனார்.

"நீங்கதான தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திகினு இருந்தீங்க?" என்றார் காசியம்மாள். "என் காதுல விழுந்துச்சி, போட்டுப் பாத்தேன், வந்துச்சி. நான் பாக்கறதால உங்க டிவி தேஞ்சா பூடும்?"

இதற்கு லோகநாதனிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் விதிமுறைகளை உருவாக்குவது அவர் சங்கத்தில் கற்ற பாடம்.

அந்த வாரமே ஊரில் ஒரு மண்டபத்தில் இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. ஊரில் அப்போது எங்கே பார்த்தாலும் விழிப்புணர்வுதான். லோகநாதனும் போய், ஒரு சான்றிதழ், ஒரு துணிப்பை, ஒரு புதிய செய்தி ஆகியவற்றுடன் வீடு திரும்பினார். செய்தி இதுதான்: எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே செயலியில் பூட்டி வைக்கலாம். அதைத் திறக்க ஒரு தலைமைக் கடவுச்சொல் போதும். வீட்டில் யாருக்கு எது தேவையோ அதை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். பெயர், பாஸ்வேர்டு மேனேஜர்.

மேனேஜர் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. பகிர்ந்துகொள்ளலாம் என்ற சொல்தான் உறுத்தியது.

சங்கத்தில் பட்டும் ஜரிகையும் வைக்கும் இரும்பு அலமாரிக்கு இரண்டு சாவிகள். ஒன்று தலைவரிடம், ஒன்று மேலாளரிடம். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் கதவு திறக்கும். லோகநாதன் காலத்தில் ஒரு கட்டை ஜரிகை காணாமல் போனதில்லை. தலைவர் உறவினர் கல்யாணத்துக்குப் போன நாட்களில் நெசவாளர்கள் ஜரிகைக்காகப் பகல் முழுவதும் வாசலில் உட்கார்ந்திருந்தது உண்மை. ஆனால் அவர்களும்தான் காணாமல் போகவில்லையே.

எனவே அவர் பழைய கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு, தலைமைக் கடவுச்சொல்லை மூன்று துண்டாக்கினார். முதல் துண்டு அவருக்கு, இரண்டாவது பூங்காவனத்துக்கு, மூன்றாவது தமிழ்வாணனுக்கு. ஒருவர் துண்டு அடுத்தவருக்குத் தெரியாது. மூவரும் சேர்ந்து நிர்வாகக் குழு. சுபலட்சுமி பயனாளி.

"அப்பா, இந்த ஆப்லயே ஆளுக்கு ஒரு கணக்கு போடலாம். வேணுங்கறத ஷேர் பண்ணிக்கலாம். அதுக்குத்தான் இத செஞ்சிருக்காங்க."

"செஞ்சவங்களுக்கு நிர்வாக அனுபவம் இல்லம்மா."

வாட்ஸாப்பில் 'பெட்டகம் – அலுவல் நிமித்தம் மட்டும்' என்று ஒரு குழு தொடங்கப்பட்டது. எது வேண்டுமானாலும் அதில்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் விண்ணப்பம் பூங்காவனத்துடையது: "காஸ் தீந்துபோச்சி. பாஸ்வேர்டு குடுங்க."

கூடத்தில் இருந்த லோகநாதன், அடுப்படியில் இருந்த மனைவிக்கு வாட்ஸாப்பில் பதில் அனுப்பினார்: "நோக்கம் குறிப்பிடப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது."

பூங்காவனம் கரண்டியோடு வெளியே வந்தார். "இன்னாங்க, காஸ் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரியணும்."

"எந்த ஆபீஸு?"

"இதோ, இதுதான்," என்று லோகநாதன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அன்று மதியம் நால்வரும் கடையில் வாங்கிய தயிர்சாதம் சாப்பிட்டார்கள். நோக்கம் குறிப்பிட்ட திருத்திய விண்ணப்பம் மாலையில் ஏற்கப்பட்டது; ஆனால் குழு கூடுவதற்குள் காஸ் கம்பெனி மூடிவிட்டது.

இப்படியே பெட்டகம் ஒருமுறைகூடத் திறக்கப்படாமல் ஆடி மாதம் வந்தது. சுபலட்சுமிக்குக் கல்லூரிக் கலந்தாய்வு. எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று இணையத்தில் வரிசைப்படுத்தி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் அந்தச் சுற்றில் இடம் இல்லை. அவள் முதலில் வைத்திருந்தது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி. நல்ல கல்லூரி. அதைவிட முக்கியம், அங்கே விடுதி உண்டு. பக்கத்தில் சேர்ந்தால் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கும் அப்பாவிடம் விண்ணப்பம் போட வேண்டியிருக்குமே என்று அவளுக்கு ராத்தூக்கம் போயிருந்தது.

அவளுக்காகக் கலந்தாய்வுக் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல் வைத்தவர் லோகநாதன். வெள்ளிக்கிழமை காலையிலேயே அவள் விண்ணப்பித்தாள். நோக்கமும் எழுதியிருந்தாள்: "என் வாழ்க்கை."

"ஏற்கப்பட்டது," என்றார் லோகநாதன் பெருமையோடு. "குழு கூடினதும் தொறந்துடலாம்."

குழுவில் பூங்காவனம் ஆடி வெள்ளிக்குப் பொங்கல் வைக்கப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். தமிழ்வாணன் புடவை மூட்டையோடு கண்ணமங்கலத்தில் இருந்தார். சுபலட்சுமி சித்தப்பாவைப் போனில் பிடித்தாள்.

"என் துண்டுதான? சொல்றேன், எழுதிக்கோ," என்றார் தமிழ்வாணன்.

லோகநாதன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "தமிழு! போன்ல சொல்லாத. ஒட்டுக் கேப்பாங்க."

"யாருண்ணா?"

"யாருன்னு தெரிஞ்சா புடிச்சிருக்க மாட்டோமா? நீ நேர்ல வா. அண்ணியையும் கூட்டிகினு வா."

"ப்பா, அந்த 'கடவுச்சொல் மறந்துவிட்டதா'ன்ற பட்டனை அமுக்கனா புதுசு போட்டுக்கலாம். உங்க போனுக்கு ஓடிபி வரும், அவ்ளோதான்."

"முறையான வழி ஒண்ணு இருக்கும்போது குறுக்கு வழியில போய் சீட்டு வாங்கற குடும்பமா நம்மது?"

தமிழ்வாணன் மூட்டையைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, பைக்கில் படவேடு போனார். ஆடிக் கூட்டத்தில் அண்ணியைத் தேடிக் கண்டுபிடிக்கவே மதியம் ஆனது. பூங்காவனம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, பானை ஏற்றி, பால் பொங்கக் காத்திருந்தார்.

"அண்ணி, எழுந்திருங்க. பாஸ்வேர்டு வேணுமாம்."

"தோ, பொங்கிடட்டும்பா."

"சுபாவுக்கு அஞ்சு மணிக்கு சீட்டு பூடும் அண்ணி!"

பூங்காவனம் ஒரு நிமிடம் கோபுரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் பானையைப் பார்த்தார். பிறகு முந்தானையால் பானையைப் பிடித்து இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினார். வழியெல்லாம் அவர் வாயில் அம்மனிடம் மன்னிப்பும், பாஸ்வேர்டு மேனேஜரைக் கண்டுபிடித்தவனுக்கு வசவும் மாறி மாறி வந்தன.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை தாண்டியிருந்தது. குழு கூடியது. கூட்டத்துக்கு வேண்டிய கோரம் இருந்தது.

"ஒருத்தர் போடும்போது மத்தவங்க சுவத்தப் பாத்து திரும்பிக்கணும்," என்றார் லோகநாதன்.

அவர் தன் துண்டைப் போட்டார். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். பூங்காவனம் போட்டார். தமிழ்வாணன் போட்டார். 'கடவுச்சொல் தவறு' என்றது செயலி.

"யாரு தப்பாப் போட்டது?" என்றாள் சுபலட்சுமி.

"நான் கரெக்டாதான் போட்டேன். நீ இன்னா போட்ட?" என்று லோகநாதன் தம்பியைக் கேட்டார்.

"சொல்லலாமாண்ணா?"

"சொல்லக் கூடாது!"

"அப்ப கரெக்டா தப்பான்னு எப்படிண்ணா தெரியும்? பேஜாரா பூட்ச்சே!"

"என் வெரல்ல வெல்லம் ஒட்டிகினு இருக்குது," என்றார் பூங்காவனம். "ஒரு எழுத்தத் தொட்டா ரெண்டு விழுது."

"ஜல்தியாக் கழுவிகினு வாம்மா!" என்று சுபலட்சுமி கத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கடிகாரத்தில் பத்து நிமிடம்தான் பாக்கி.

இரண்டாம் முறை பெட்டகம் திறந்தது. சுபலட்சுமி பாய்ந்து போய், 'கலந்தாய்வு' என்ற தலைப்பைத் தொட்டாள். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: 'லோகநாதனை நேரில் அணுகவும்.'

அவள் காஸைத் தொட்டாள். 'பூங்காவனத்திடம் கேட்கவும்.' கரண்ட் பில்லைத் தொட்டாள். 'தமிழ்வாணனுக்குத் தெரியும்.'

"இன்னாண்ணா இது?" என்றார் தமிழ்வாணன்.

"கடவுச்சொல்ல எல்லாம் ஒரே இடத்துல போட்டு வெச்சா, ஒருத்தன் பெட்டகத்தத் தொறந்துட்டா மொத்தமும் பூடாதா? அதான் போடல."

"அப்ப பெட்டகத்துல இருக்கறது?"

"யாரை அணுகணும்ங்கற விவரம்."

"சரிப்பா," என்றாள் சுபலட்சுமி. "நேர்லயே அணுகறேன். சொல்லுங்க."

லோகநாதன் கண்ணை மூடினார். விட்டத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாராலும் ஊகிக்க முடியாதபடி வைத்த கடவுச்சொல் அது. யாராலும் என்பதில் அவரும் சேர்ந்துவிட்டிருந்தார்.

"மறந்துட்டீங்களா?"

"மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. தற்சமயம் கைவசம் கிடைக்கப்பெறவில்லை."

சுபலட்சுமி அதற்குமேல் விண்ணப்பிக்கவில்லை. மறந்துவிட்டதா என்ற பட்டனை அமுக்கினாள். லோகநாதனின் போன் மணியடித்தது.

"ஓடிபிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கு..."

பூங்காவனம் போனை அவர் கையிலிருந்து எடுத்து, ஆறு எண்களையும் தெருவுக்கே கேட்கும்படி படித்தார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது 'உங்கள் விருப்பம் உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. சுபலட்சுமி தரையில் உட்கார்ந்து அழுதாள். பூங்காவனம் பொங்காத பொங்கலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கோயம்புத்தூரிலேயே இடம் கிடைத்தது. சேர்க்கை நாளன்று அப்பாவும் மகளும் கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். நீண்ட வரிசை. ஒவ்வொரு பெற்றோர் கையிலும் ஒரு கோப்பு, முகத்தில் ஒரு பயம். கவுண்டரில் இருந்த விருத்தாம்பாள் என்ற அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"சார், உங்க மெயில் ஐடி, அதோட பாஸ்வேர்டு, அப்புறம் பொண்ணோட கலந்தாய்வு பாஸ்வேர்டு. எல்லாத்தையும் இதுல எழுதிக் குடுங்க. ஸ்காலர்ஷிப்புக்கு நாங்களே உள்ள போய்ப் போட்டுக்குவோம். எழுத்துப் பெருசா இருக்கணும்."

சுபலட்சுமி அப்பாவின் கையைப் பிடித்தாள். "ப்பா! வீட்ல அம்மா கேட்டதுக்கே நோக்கம் கேட்டீங்களே. இவங்க யாருன்னே தெரியாது."

லோகநாதன் அவளைக் கனிவோடு பார்த்தார். "அம்மா கேட்டது வேற, ஆபீஸ் கேக்கறது வேறம்மா."

சட்டைப்பையிலிருந்து பேனாவையும், மகளின் புதிய கடவுச்சொல்லைக் குறித்து வைத்திருந்த சீட்டையும் எடுத்து, பெரிய எழுத்துகளைப் பெரிதாகவும் சிறிய எழுத்துகளைச் சிறிதாகவும், கீழே கோடிட்டு எழுதினார். அந்தக் கையெழுத்தின் அழகைப் பார்த்துப் பின்னால் நின்றவர், "எனக்கும் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா சார்?" என்று தன்னுடையதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவும் சொன்னார். கடைசியில் நின்றவர்களுக்கு எட்டவில்லை என்பதால் அங்கிருந்தே கூவினார்கள். நடுவில் நின்றவர்கள் ஒரு எழுத்து விடாமல் முன்னால் எடுத்துச் சொன்னார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. விருத்தாம்பாள் தாள்கட்டை ஜன்னல் ஓரத்தில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க டீ டம்ளரை மேலே வைத்தார்.

வெளியே வந்த பெற்றோர் எல்லோருக்கும் ஒரே வியப்பு. எந்த ஆபீஸிலும் இவ்வளவு சீக்கிரமாக வேலை முடிந்ததில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே, நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.