அரை மீசையுடன் ஒரு சரண்

"அல்போன்சு, நான் ஒரு போலீஸ்காரர அடிச்சிட்டேன்."

தோளில் இருந்த அரிசி மூட்டையை இறக்காமலே இயேசுதாசன் சொன்னார். மகள் லொரைனின் கல்யாணச் சேலையை மடித்துக்கொண்டிருந்த மனைவி அல்போன்சம்மாள் நிமிர்ந்தாள்.

"நீங்களா? கரப்பான்பூச்சி வந்தாலே என்னைத்தான் கூப்பிடுவீங்க."

நடந்தது இதுதான். கல்யாணத்துக்குப் புது ஃபிரேம் மாட்டுவதற்காக மூக்குக்கண்ணாடியைச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கொடுத்திருந்தார். அது இல்லாமலே ஈசூனில் வீட்டுக்குப் பக்கத்து மினிமார்ட்டுக்குப் போய், மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியதில், வாசலில் நின்ற போலீஸ்காரர் மீது முழங்கை இடித்தது. அவர் சத்தமே இல்லாமல் மல்லாந்தார். "சாரி சார்" என்றதற்குப் பதிலும் இல்லை. இவர் ஓடி வந்துவிட்டார்.

மகன் டெரன்ஸ் சட்டம் படிக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அவனுக்கு எல்லாச் சட்டமும் தெரிந்திருந்தது.

"ட்யூட்டில இருக்கிற போலீஸ அடிச்சா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் டாடி. பிரம்படியும் உண்டு. ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு மட்டும் பிரம்படி இல்ல."

"எனக்கு எப்ப தாண்டுது?"

"அடுத்த மாசம்."

"சனிக்கிழமை லொரைன சர்ச்சுக்குள்ள யாருங்க கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறது?" என்ற அல்போன்சம்மாள், அதற்கு வழியும் கண்டுபிடித்தாள். டப்பா நிறைய அதிரசம் அடுக்கினாள். "இதக் கொடுத்து மன்னிப்புக் கேளுங்க."

"அது லஞ்சம் மம்மி. அதுக்குத் தனி கேஸ்."

"அப்ப மீசைய எடுங்க. கேமராவுல அடையாளம் தெரியாது."

பாதி மீசை போயிருந்தபோது டெரன்ஸ் குளியலறைக் கதவைத் தட்டினான். "ஆதாரத்த அழிச்சா இன்னொரு கேஸ், டாடி. பேசாம போய் ஒத்துக்குங்க. எதையும் குறைச்சுச் சொல்லாதீங்க."

மிச்சமிருந்த ஆதாரத்தை முகத்தில் வைத்துக்கொண்டு இயேசுதாசன் போலீஸ் நிலையத்துக்குப் போனார்.

"சார், நான் ஒரு போலீஸ்காரர அடிச்சிட்டேன். சனிக்கிழமை பொண்ணு கல்யாணம். முடிஞ்சதும் பிடிச்சுக்குங்க."

சுரேந்தர் என்ற இளம் அதிகாரி அரை மீசையை மரியாதையோடு பார்த்தார். "எங்க வச்சு அடிச்சீங்க அங்கிள்?"

"மினிமார்ட் வாசல்ல. கைகட்டிக்கிட்டு நின்னாரு."

"ஓ, அவரா?" சுரேந்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் பக்கத்தில் வந்தார். "எப்படி அடிச்சீங்க?"

எதையும் குறைக்கக் கூடாது என்பது மகனின் உத்தரவு. இயேசுதாசன் இல்லாத மூட்டையைத் தோளில் ஏற்றினார். அதே வேகத்தில் திரும்பினார்.

தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்தபடி சுரேந்தர் சொன்னார்:

"அங்க நிக்கிறது, திருடாதீங்கன்னு சொல்ல வச்ச அட்டை கட்-அவுட், அங்கிள். போலீஸ்காரர நீங்க இப்பத்தான் அடிச்சிருக்கீங்க."