அடுத்த பிறந்தநாள் ஆருக்கு?

தீவுப்பகுதியில் எந்த வீட்டு நாய் எந்த மாதம் பிறந்தது என்று கேட்டாலும் யோசிக்காமல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ‘பிறந்தநாள் சேர்’தான். என் செருப்பில் நாலு சோடியைத் தேய்த்து முடித்தவரும் அவர்தான்.

சண்டை ஓய்ந்திருந்த காலம். சனங்களின் மனநிலை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. கேள்வி கேட்கிற வேலை எனக்கு. யாரைக் கேட்பது என்று தெரிவு செய்கிற வேலை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அவருக்கு. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. அந்த வீட்டிலுள்ள பெரியவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ, அவரைத்தான் கேட்கவேண்டும். முன்னுக்கு நிற்கிற ஆளைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று முதல்நாளே கேட்டுப் பார்த்தேன்.

“வாசலுக்கு வாற ஆளையே கேட்டால், தீவு முழுக்க வாய்க்காரர்தான் எண்டு முடிவு வரும், பிள்ளை.”

சரவணை என்ற ஊரில் கிராம சேவகர், பாவம், உதவ வந்தார். “ஏன் சேர் வெயிலுக்கை அலையிறியள்? நல்லாக் கதைக்கிற இருவது பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டித்தாறன்.”

“நல்லாக் கதைக்கிற ஆக்கள் கேக்காமலே கதைப்பினம். மற்ற ஆக்களைத்தான் நான் தேடுறன்.”

பள்ளிக்கூட வளவில் நல்ல வேப்பமர நிழல் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வீட்டுக் கிழவருக்குத் திகதி தெரியவில்லை, நட்சத்திரம் பூரட்டாதி என்றார். விட்டாரா மனிதர்? பையிலிருந்து பழைய பஞ்சாங்கக் கட்டொன்றை எடுத்து, கதிரையில் இருந்து முக்கால் மணி நேரம் கணக்குப் பார்த்தார். அதற்குள் கிழவர் நித்திரையாகிவிட்டார். வீட்டுக்காரி மகளின் சாதகத்தைக் கொண்டுவந்து, “இதுக்கும் ஒருக்காப் பொருத்தம் பாருங்கோ” என்று நீட்டினார்.

நெடுந்தீவில்தான் என் பொறுமை முற்றாகப் போனது. கடைசி நாள், கடைசி வீடு. மூன்று மணிக்குக் கடைசி வள்ளம். வீட்டுக்காரர் கடற்றொழில் செய்கிறவர், வாய் ஓயாதவர். மனைவி, வளர்ந்த மகன்மார் இரண்டு பேர். எல்லாருடைய திகதியையும் கேட்டதில் அடுத்த பிறந்தநாள் வீட்டுக்காரருக்கேதான், ஓகஸ்டில். சந்தோசமாகப் பேனையைத் திறந்தேன். குசினிக்குள், அடுப்படியில், யாரோ இருமினார்கள்.

“உள்ளுக்கை ஆர்?” என்றார் சேர்.

“அது அக்கா. கலியாணம் கட்டேல்லை, எங்களோடைதான் இருக்கிறா. அவவின்ரை பிறந்தநாள் ஒருத்தருக்கும் தெரியாது.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். “எனக்கும் தெரியாது ஐயா. ஆரும் கேட்டதில்லை.”

“அவவை விட்டிட்டு எடுப்பம் சேர், வள்ளம் போகப்போகுது,” என்றேன்.

“திகதி தெரியாதெண்டால் ஆளே இல்லையெண்டு எழுத ஏலுமே?”

பிறகென்ன, கொதிக்கிற வெயிலில் கல்வேலி வழியே தேவாலயத்துக்கு நடை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அக்காவும் பின்னால் வந்தார். பழைய ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தில் கறையான் தின்றது போக மிச்சத்தை இரண்டு மணி நேரம் புரட்டினார் சேர். கடைசியில் அகப்பட்டது. பிலோமினா, பிறந்தது யூன் ஐந்து.

அன்றைக்கு யூன் பன்னிரண்டு! பிறந்தநாள் போன கிழமைதான் முடிந்திருந்தது. அதாவது வரிசையில் அக்காதான் கடைசி. கேள்விக்குரிய ஆள் பழையபடி அதே வாய் ஓயாத தம்பி. வள்ளமும் போய்விட்டது. எனக்கு வந்த விசரைச் சொல்லி முடியாது.

அக்கா மட்டும் அந்தத் திகதியை ஒரு துண்டில் எழுதி வாங்கினார். “போன வியாழனோ? அண்டைக்கு நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டிருப்பன்,” என்றபடி துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

தம்பிக்கோ கொண்டாட்டம். “வள்ளமும் போட்டுது, இனி ஆறுதலாக் கதைப்பம்,” என்று தொடங்கியவர், அடுத்தநாள் இறங்குதுறை வரை கதைத்துக்கொண்டே வந்தார்.

ஆய்வு முடிந்தது. நான் கரம்பொன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கினேன், என் கால்களும் ஆறின. அடுத்த வருடம் யூன் பிறந்ததும் சேரிடமிருந்து போன் வந்தது.

“பிள்ளை, சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போகவேணும். நீரும் வாரும்.”

“ஏன் சேர்? ஆய்வுதான் முடிஞ்சுதே!”

“போன முறை ஒரு கிழமை பிந்திப் போனம்.”

போனை வைத்துவிட்டு நாலு சோடிச் செருப்பையும் சொல்லிச் சொல்லி ஏசினேன். ஏசிக்கொண்டே போய்க் கேக்குக்குச் சொன்னேன். அதில் பிலோமினாக்காவின் பெயரை எழுதித் தரச் சொன்னபோதுதான், இந்த மனிதரின் பிறந்தநாளை நாங்கள் ஒருவருமே கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை வள்ளத்தில் ஏறியதும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன்.