அத்தர் அண்ணன் ஓட்டிய நாற்றக் கார்

முதலில் பத்திரிகை ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். அச்சுக் கோப்பவர் திட்டினாலும் இங்கே எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கெடா மாநிலத்திலேயே அத்தர் அண்ணனைப் போல மணந்த மனிதர் வேறு ஒருவர் பிறந்ததில்லை. திகாம் பத்துவுக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் அவர் கார் டிரைவர். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசை முனையில் முதலில் அத்தர் வரும், பிறகு தொப்பை வரும், கடைசியில்தான் அவர் வருவார். ஜப்பான்காரன் வந்த பிறகு எங்களுக்கு அரிசியே கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்குதான். அப்போதும் அவர் கடைசிப் புட்டி அத்தரைத் துடைப்பக்குச்சியால் தொட்டுத் தொட்டுக் காதுமடலில் வைத்துக்கொள்வார்.

வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய காரில் ஜப்பான் துரை ஏறிக்கொண்டார். அதே கார், அதே டிரைவர். ஆனால் பின் சீட்டின் பஞ்சு நைந்து, ஸ்பிரிங் ஜப்பான் துரையைக் குத்திவிட்டது. அண்ணனுக்கு ஓர் அறை விழுந்தது. கடைகளிலோ அப்போது பஞ்சு கிடையாது.

"ரப்பர் தோட்டத்துல இருந்துகிட்டு எவனாச்சும் பஞ்சுக்கு அழுவானாடா, தம்பி?" என்றார் அண்ணன். "ஒட்டுப்பால் ரெண்டு கூடை கொண்டாடா."

மரத்தின் வெட்டிலும் கோப்பையிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் பால்தான் ஒட்டுப்பால். தோட்டத்துச் சாமான் எல்லாம் இராணுவத்துச் சாமான் ஆகிவிட்ட காலம் அது. ஒரு துண்டு எடுத்தாலும் திருட்டு. நான் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் சீட்டுக்குள் திணித்துத் தைத்து, மேலே உட்கார்ந்து குதித்துக் காட்டினார். "பாத்தியா! சப்பான் ராசாவே உக்காரலாம் லா!"

பத்து நாள் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தன. ஜப்பான் துரை ஒரு நாள் கார்க் கதவைத் திறந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தார். "பூசோக்! பூசோக்!" நாறுகிறது என்று மலாயில் கத்தினார். மூன்று விரலைக் காட்டி, பிறகு வடக்கே காட்டினார். மூன்று நாளில் நாற்றம் போகவேண்டும், இல்லையென்றால் சயாம் ரயில் வேலைக்கு அனுப்பிவிடுவார். சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை எங்கள் லயத்துக்குத் திரும்பி வரவில்லை.

அண்ணன் காருக்குள் தலையை விட்டு மோந்தார். "ஒண்ணும் நாறலையேடா!"

மூக்கு நிறைய அத்தர் இருக்கும்போது வேறு என்ன தெரியும்? ஆகவே எங்களைக் கூப்பிட்டார். பால்வெட்டுக்காரர்கள் முப்பது பேர் வரிசையில் நின்று மோந்தோம். எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்குண்ணே, எங்க வீடு மாதிரி" என்றாள் மேட்டு லயத்து அக்கா ஒருத்தி.

முதல் நாள் கதவை மூடிச் சாம்பிராணி போட்டார். கார் எரிகிறது என்று நினைத்து நாலு பேர் வாளியோடு ஓடிவந்து உள்ளே தண்ணீரை ஊற்றினார்கள். நாற்றம் இரண்டு மடங்கு ஆனதை நாங்கள் அறியவில்லை. இரண்டாம் நாள் எலுமிச்சை, வாசனைக்குப் பாண்டான் இலை, அடுப்புக்கரி. அன்று சாயங்காலம் பூசாரி காருக்குத் திருஷ்டி சுற்றினார். "யாராவது செய்வினை வச்சிருப்பான்" என்று அண்ணன் தானும் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டார். முதல் தடவையாக அவர் பயந்ததைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில், பெண்டாங் வயல் பக்கத்திலிருந்து நெல் கொண்டுவந்து பழைய துணிக்கு மாற்றும் மலாய்க்காரர் வந்தார். வயல்காட்டு மூக்கு! காருக்கு நாலு கஜம் தள்ளியே நின்றுவிட்டார். "அண்ணே, கெத்தா பூசோக் லா!" என்று பின் சீட்டைக் காட்டினார். கெத்தா என்றால் ரப்பர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சீட்டைக் கிழித்து, ஊறிப்போன ஒட்டுப்பாலை நான் கூடையில் வாரிக்கொண்டிருந்தபோது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஜப்பான் துரை! கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சியாப்பா?" என்று உறுமினார். யார் எடுத்தது என்று கேட்கிறார். நான் கூடையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன்.

"நான்தான் தொவான்" என்று துரையை மலாய் மரியாதையில் கூப்பிட்டபடி அண்ணன் தொப்பையோடு குறுக்கே வந்து நின்றார். "இவன் வாயில்லாத பய. கூடை தூக்கக் கூப்பிட்டேன்." பிறகு அதையே மலாயிலும் சொன்னார்.

பளார்! அறைந்த கை அப்படியே நின்றது. துரை உள்ளங்கையை மோந்து பார்த்தார். மறுபடி பளார், மறுபடி மோந்தார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அண்ணன் மடியிலிருந்த புட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். துரை அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கெர்ஜா! கெர்ஜா!" என்று வேலையைக் காட்டிவிட்டு நடந்தார். சயாம் பேச்சு அதோடு போயிற்று.

"கன்னம் ரெண்டும் வீங்கிடுச்சுண்ணே" என்றேன்.

"கன்னத்த விடுடா. அரை புட்டி அத்தர் போச்சே!"

காய்ந்த லாலாங் புல்லைத் திணித்துச் சீட்டைத் தைத்தோம். அதன்பின் ஜப்பான் சண்டை முடியும்வரை அண்ணனும் எங்களைப் போலவே ஒட்டுப்பால் வாடையோடு திரிந்தார். என் கூச்சத்தில் ஒரு நாள்கூட அவரிடம் நன்றி சொன்னதில்லை. ஆனால் அவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்கு அத்தர்தான் மணக்கும்.

இதை எழுதி முடித்தது 1965, மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை.