ஒரு வாரப் பிரியாவிடை

ஒரேலியன் பாஸ்துரெல் ஜெயித்துத் தொலைத்தான். அதுதான் சிக்கல்.

செவ்வாய்க்கிழமை முதல் சுற்றிலேயே அவன் தோற்றுவிடுவான் என்று ஊரே நம்பியிருந்தது. எதிராளிதான் அந்தப் போட்டியிலேயே பலமானவன், இருபது வயது. ஒரேலியனுக்கு முப்பத்து நான்கு. சொந்த ஊர் கிளப் அவனுக்கு இடம் கொடுத்ததே, நம் மண்ணில் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டு ஓய்வு பெறட்டும் என்றுதான். ஆட்டம் முடிந்ததும் பிரியாவிடை விழா. பேண்ட் வாத்தியம், மேயர், டென்னிஸ் மைதானம் போலவே செங்கல் நிறத்தில் ஒரு கேக்.

இருபது வயதுக்காரனுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. மூன்றாவது செட்டில் பந்தை வலையிலேயே அடித்துக்கொண்டிருந்தான்.

கிளப் தலைவர் விகுரூ மைதானத்தின் ஓரத்திலேயே ஒரேலியனைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா இப்படிப் பண்ணிட்டே?"

"நான் ஒண்ணும் பண்ணல. அவன்தான் பண்ணினான்."

"பேண்டுக்காரங்க வந்தாச்சு. மேயர் கார்லேர்ந்து இறங்கியாச்சு. கேக் வெயில்ல உருகுது."

"விழாவைத் தள்ளி வைங்க."

"கேக்கை எப்படிப்பா தள்ளி வைக்கிறது? நீ பேசாம இன்னிக்கே விடைபெத்துடு. வியாழக்கிழமை வந்து தோத்துக்கோ."

விடைபெற்றான். மைக்கைப் பிடித்து ஊருக்கே நன்றி சொன்னான். முன்வரிசையில் இருந்த கிளப் டாக்டர் லகார்த் கைக்குட்டையை எடுத்தார். மேயர் ஊரின் பரிசாக வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமான ஒரு முழுச் சீஸ் சக்கரத்தைக் கொடுத்தார். நாலு பேர் சேர்ந்து அதை அவன் கார் டிக்கியில் ஏற்றினார்கள். டிக்கியில் இருந்த இரண்டு பெட்டிகள் பின் சீட்டுக்குப் போயின.

பெட்டிகளைத் திங்கட்கிழமை இரவே அவன்தான் கட்டி வைத்திருந்தான். புதன்கிழமை காலை அவனும் மனைவி சொலேனும் ஒலெரோன் தீவுக்குப் போவதாக இருந்தது. கடலைப் பார்த்த அறை, ஒரு வாரம்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். தேனிலவு தாஷ்கண்டில் கழிந்தது, தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்ததால். அதற்குப் பிறகு திட்டமிட்ட ஒவ்வொரு விடுமுறையையும் ஏதோ ஒரு போட்டி தின்றது. உலகத் தரவரிசையில் ஒருமுறை நூற்றுப் பதினெட்டு வரை போனான். சில இறுதி ஆட்டங்கள் ஆடினான். கோப்பை என்று ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை. ஓய்வு பெறுகிறேன் என்று இதற்கு முன்பே இரண்டு தடவை சொல்லியிருந்தான். சொலேன் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை. "சரி" என்பாள். அந்தச் "சரி"க்கு அவன் யாருடைய சர்வீஸுக்கும் பயப்படாத அளவுக்குப் பயந்தான்.

அன்று இரவு சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"ஹோட்டலுக்குச் சொல்லணும். ரெண்டு நாள் தள்ளி வர்றோம்னு."

"நான் பார்த்துக்கறேன்."

"கோவமா?"

"இல்ல. உப்பை எடு."

வேண்டுமென்றே தோற்பது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. வாழ்க்கையில் நிறையத் தோற்றிருக்கிறான். எல்லாம் முழுமூச்சாகத் தோற்றவை. அதனால் நேர்மையான வேறு வழி தேடினான். வியாழக்கிழமை காலை போட்டி அதிகாரியிடம் போய் முதுகு வலிக்கிறது, விலகிக்கொள்கிறேன் என்றான். பொய் இல்லை. எட்டு வருஷமாக வலிக்கிறது.

"டாக்டர் பார்த்துச் சொல்லணும்" என்றாள் அதிகாரி.

டாக்டர் லகார்த்துக்கு அவனைப் பார்த்ததுமே மறுபடியும் கண் கலங்கியது.

"முதுகு வலியோடயா உன்னை வீட்டுக்கு அனுப்புவேன்? குப்புறப் படு."

"வேணாம் டாக்டர், நான் விலகிக்கறேனே."

"பேசாதே. மூச்சை விடு."

எங்கேயோ கையை வைத்து எதையோ அழுத்தினார். ஈரக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரேலியன் எழுந்து நின்றான். வலி இல்லை. எட்டு வருஷ வலி போன இடம் தெரியவில்லை.

"இந்த முதுகு இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றார் டாக்டர் பெருமையாக.

ஒரு மணி நேரத்துக்குள் ஜெயித்தான்.

விகுரூ வேறு வழியில்லாமல் இரண்டாவது பிரியாவிடையை நடத்தினார். மேயர் வரவில்லை; துணை மேயரை அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை போட்ட அதே பாராட்டு வீடியோவைப் போட்டார்கள். கேக்கில் மிஞ்சியது மைதானத்தின் பின்கோடு வரைந்திருந்த ஓரம் மட்டும்.

"செவ்வாய்க்கிழமை நான் அழுதது வீணா?" என்று ஓர் அம்மாள் சத்தமாகவே கேட்டாள். "போறவங்க போகணும். வாசல்லயே நிக்கக் கூடாது."

"ஹோட்டல்ல பேசினியா?" என்று வீட்டில் சொலேனைக் கேட்டான்.

"பேசியாச்சு."

"என்ன சொன்னாங்க?"

"கடல் அங்கேயேதான் இருக்காம்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலிறுதியில் சீக்கிரமாக முடித்துவிடுவது என்று முடிவு செய்தான். வந்த பந்தையெல்லாம் ஓங்கி அடித்தான். ஒவ்வொரு பந்துக்கும் வலைக்கு ஓடினான். யோசிக்கவே இல்லை. எல்லாம் உள்ளே விழுந்தன. இருபது வருஷமாகப் பயிற்சியாளர்கள் அவனிடம் கெஞ்சிக் கேட்ட ஆட்டம் அது. எதிரே ஆடியவன் கடைசியில் மட்டையை நீட்டி, "நீயே வெச்சுக்கோ" என்றான்.

மூன்றாவது பிரியாவிடையில் பேண்ட் இல்லை. டிரம்ஸ்காரர் மட்டும் பழக்கத்தில் வந்திருந்தார்.

இதற்குள் கார் நாறத் தொடங்கிவிட்டது. சீஸ் சக்கரம் நாலு நாள் வெயில் பார்த்திருந்தது. சொலேன் காரின் ஜன்னல்களை இறக்கிவிட்டு மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. இதையாவது சரிசெய்வோம் என்று சக்கரத்தைக் கிளப் சமையலறைக்கு உருட்டிக்கொண்டு போனான்.

"ஆட்டக்காரங்க எல்லாருக்கும் போட்டுடுங்க" என்றான்.

சமையல்காரி உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கிளறி, பெரிய வாணலியில் நூல் நூலாக இழுத்துக் காட்டினாள். அரையிறுதியில் அவனோடு ஆட வேண்டிய பிரேசில்காரன் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. மூன்று தட்டு சாப்பிட்டான். சனிக்கிழமை காலை அவனால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை.

ஒரேலியன் ஆடாமலே இறுதி ஆட்டத்துக்குப் போனான்.

"நீ வேணும்னே சீஸ் குடுத்தியா?" என்றார் விகுரூ.

"கார் நாறிச்சு."

"நல்ல வேளை, உனக்குப் பசுமாடு குடுக்கல."

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்திருந்தது. கோபித்துக்கொண்ட அம்மாள்கூட. எதிரே யோரிஸ் என்ற பெல்ஜியத்துக்காரன். நல்ல ஆட்டக்காரன். ஆளுக்கு ஒரு செட் எடுத்தார்கள். மூன்றாவது செட்டும் சமமாகி, டைபிரேக் என்கிற தீர்வாட்டம் வரை போனது. சொலேன் கறுப்புக் கண்ணாடியோடு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் கோத்து வாயின் மேல் வைத்திருந்தாள்.

அவள் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. போதும் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

டைபிரேக்கில் யோரிஸ் ஒரு புள்ளி முன்னால். இன்னும் ஒன்று எடுத்தால் அவனுக்குக் கோப்பை. பந்து நெடுநேரம் வலைக்கு மேலே போய் வந்தது. யோரிஸ் அடித்த பந்து ஒரேலியனைத் தாண்டிப் பின்கோட்டருகே விழுந்தது. கோட்டருகே நின்ற நடுவர்கள் யாரும் 'அவுட்' என்று குரல் கொடுக்கவில்லை.

ஒரேலியன் திரும்பித் தடத்தைப் பார்த்தான். செம்மண் பொய் சொல்லாது. கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே இரண்டு விரல் வைக்கலாம். பந்து வெளியே. புள்ளி அவனுக்கு; ஆட்டம் சமம்.

தலைமை நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வரத் தொடங்கினாள், தடத்தைப் பார்க்க. ஆட்டக்காரன் அதற்குள் காலால் அழித்துவிட்டால் அவளுக்கு வேலையில்லை. விட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம்; புள்ளி எதிராளிக்கு.

இதை ஜெயித்தால் அடுத்த வாரம் இன்னொரு ஊருக்குப் போவோம் என்று அவனுக்குத் தெரிந்தது. முதுகு வலிக்கவில்லை. கை சொன்னபடி கேட்கிறது. யார் தடுத்தாலும் போவான். சொலேன் "சரி" என்பாள்.

நாலாவது வரிசையைப் பார்த்தான். கைகள் வாயின் மேலேயே இருந்தன.

ஷூவால் தடத்தைத் தேய்த்தான். ஒருமுறை. பிறகு, நன்றாக இருக்கட்டும் என்று, இன்னொரு முறை.

நடுவர் பாதி ஏணியில் நின்று ஆட்டம் முடிந்தது என்றாள்.

நாலாவது பிரியாவிடைதான் நன்றாக அமைந்தது. யாரும் எதுவும் தயார் செய்யவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். விகுரூ அழுதார். "கடைசியில தோத்துட்டியேப்பா" என்று கட்டிக்கொண்டார். அது பாராட்டா வருத்தமா என்று அவருக்கே தெரியவில்லை.

சொலேன் இறங்கி வந்தாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"உள்ளேயா விழுந்துச்சு?"

"ஆமா."

"கோட்டு மேலயே?"

"ஆமா."

"சரி" என்றாள்.

இந்தச் "சரி" வேறு மாதிரி இருந்தது. நிம்மதி என்று எடுத்துக்கொண்டான். அவள் விகுரூவின் மனைவியிடம் சொல்லிக்கொண்டு வரப் போனாள். அவன் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தான். காரில் வாடை முக்கால்வாசி போயிருந்தது. பெட்டிகள் பின் சீட்டில் தயாராக இருந்தன. இப்போதே கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்குக் கடலோரம் இருக்கலாம். அவளிடம் சொல்லாமலே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும்.

அவனே ஒலெரோன் ஹோட்டலுக்கு ஃபோன் செய்தான். உரிமையாளர் மதாம் குல்லோ எடுத்தாள்.

"மதாம், நான் பாஸ்துரெல். தினமும் தள்ளித் தள்ளிப் போட்டதுக்கு மன்னிக்கணும். இன்னிக்கு ராத்திரி வந்துடறோம்."

"எங்கே தள்ளிப் போட்டீங்க மொசியே? உங்க வீட்டம்மா போன திங்கட்கிழமையே அறையை ரத்து பண்ணிட்டாங்களே. 'என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஆடுவார், இந்தத் தடவை கோப்பை அவருக்குத்தான், நான் கூட இருந்து பார்க்கணும்'னாங்க. என்ன ஆச்சு, ஜெயிச்சுட்டீங்களா?"